தோழி பதினொன்றேகாலுக்கு அங்கே நிற்கவேண்டும்

விக்னராஜா தன் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் நேரத்தை ஒரேயொரு தடவைதான் பிழைவிட்டார். அது சொந்த மகனின் கலியாண முகூர்த்தமாகப் போய்விட்டது.

வேறு யாராவது விட்டிருந்தால் சனம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். இவர் மெரிலேண்ட்ஸ் பக்கம் இருபத்தொரு வருஷமாக பஸ் ஓட்டுகிற மனுசன். ஆறு மணிக்குச் சாப்பிட வாருங்கள் என்று இவரைக் கூப்பிட்டவர்கள், சொன்னபடி ஆறு மணிக்கே வந்து நின்றுவிடுவாரே என்று பயந்து ஐந்தரைக்கே குளித்து முழுகி இருப்பார்கள். கலியாண வீட்டுக்கு அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குப் போய், மண்டபத்தில் கதிரை அடுக்குகிற பெடியளோடு சேர்ந்து கதிரை அடுக்கிய ஒரே தமிழன் சிட்னியில் இவர்தான். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார். கேட்கிறவர்களுக்குத்தான் எரிச்சல் வரும்.

கலியாணம் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை மூத்தவன் சஞ்சீவ். பொம்பிளை மெல்பேர்ன் பிள்ளை, தர்சினி, அம்புலன்ஸ் வண்டியில் வேலை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. பொம்பிளை கூறைச் சேலை மாற்றப் போகும்போது கூடப்போய், திரும்ப மணவறைக்குக் கூட்டிவந்து, தாலி ஏறும்போது பின்னால் நின்று பின்னலைத் தூக்கிப் பிடிக்கிறவள் அவள். சஞ்சீவுக்கு ஒரேயொரு தங்கச்சி. பெயர் கௌசிகா, வயது இருபத்துமூன்று, உயரம் ஆறடி ஒரு அங்குலம்.

அந்த உயரத்துக்காக அவள் வாங்கிக்கட்டிய கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. பதின்மூன்று வயதில் கோயில் வாசலில் ஒரு மனுசி, "இவளுக்கு மாப்பிள்ளையை எங்க தேடப்போறியள், ரஞ்சினி?" என்று கேட்டாள். தாய்க்காரி, "ஏணி வைச்சு ஏறுறவனாப் பாப்பம். நீங்கள் ஏணியைப் பிடிக்க வாங்கோவன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த மனுசி ரஞ்சினியைக் கண்டால் மற்றப் பக்கத்தால் கோயிலைச் சுற்றினாள்.

உயரம் கௌசிகாவைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோனது. பெரிய லீக்கில் விளையாடுகிற ரீம் ஒன்று மூன்று வருஷமாக அவளை வைத்திருந்தது. வைத்திருந்தது என்றால், பயிற்சிக்கு மட்டும். அடுத்த கிழமை எதிரி ரீம் எப்படி எப்படி ஓடும் என்பதைப் படித்துப் பாடமாக்கி, பயிற்சியில் எதிரியாக நடித்துக் காட்டவேண்டும். ரீமின் பெரிய ஆட்கள் அவளை இடித்து விழுத்திப் பழகுவார்கள். அவள் எழும்பித் தூசி தட்டிவிட்டு, "எகெய்ன்?" என்று கேட்பாள். ஆட்டத்து நாளில் ரீமோடு வாங்கிலில் உட்காரக்கூட அவளுக்கு இடமில்லை. பின்னேரத்தில் குவேக்கர்ஸ் ஹில்லில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அந்தப் பிள்ளைகளுக்கு அவள் தூணும் ஊஞ்சலும். நாலு பேர் ஒரே நேரத்தில் தொங்குவார்கள்.

விடியற்காலை நாலு இருபதுக்குத் தகப்பனும் மகளும் நார்த்மீட் வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் வெளிக்கிடுவார்கள். அவளை ஜிம்மில் இறக்கிவிட்டு அவர் பஸ் எடுக்கப் போவார். வழியில் அவள் முதல்நாள் புட்டையும் மூன்று அவித்த முட்டையையும் சாப்பிடுவாள். அவர் றேடியோவில் செய்தி கேட்பார். பேச்சு அதிகமில்லை. இறங்கும்போது, "போட்டு வாறன் அப்பா" என்பாள். "கவனம் பிள்ளை" என்பார்.

ஆனால் அவள் விளையாடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் சின்ன லீக்கில் விளையாடுவாள். சனியும் ஞாயிறும் அவருக்கு வேலை. ஒரு நாள் மாற்றித்தரக் கேட்டால் தருவார்கள் என்று மற்ற ட்ரைவர்மார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். விக்னராஜா கேட்கவில்லை. வந்த தேசத்தில் வாய் திறந்து ஒன்றும் கேட்கக்கூடாது என்பது, விமானத்தால் இறங்கிய நாளில் அவர் தனக்குத்தானே போட்ட சட்டம். மகனின் கலியாணத்துக்கு லீவு எழுதக்கூட அவர் பல நாள் யோசித்தார்.

புதன்கிழமை பின்னேரம் கௌசிகா குசினி வாசலில் வந்து நின்றாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துதான் நின்றாள், அந்த வாசல் நிலை அவளுக்குத் தணிவு. உள்ளே ரஞ்சினி அரியதரப் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். விக்னராஜா எள்ளு வறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரீமில ஒரு ஆளுக்குக் கால் முறிஞ்சிட்டுது."

"ஐயோ பாவம். ஆருக்கு?"

"அதில்லை அப்பா. அவவின்ர இடத்துக்கு என்னைச் சைன் பண்ணக் கேக்கினம். ரெண்டு கிழமைக்கு. நல்லாச் செய்தால் சீசன் முடியுமட்டும். ரியல் கொன்ராக்ற். முதல் மட்ச் சண்டே ஒரு மணிக்கு."

ரஞ்சினியின் கை மாவுக்குள் நின்றுவிட்டது.

"நான் நோ எண்டு சொல்லப்போறன்" என்றாள் கௌசிகா. "சண்டே அண்ணாட வெடிங். இட்ஸ் ஓகே." ஓகே என்று சொன்ன சத்தத்திலேயே ஓகே இல்லை என்பது தெரிந்தது.

"நீ சொன்னால் வேற ஆளைக் கூப்பிடுவாங்களோ?"

"லிஸ்ற்றில இன்னும் ரெண்டு பேர் இருக்கினம் அப்பா. அஞ்சு நிமிசத்தில கூப்பிட்டிடுவினம்."

விக்னராஜா அடுப்பை நிற்பாட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார். எந்த விஷயத்தையும் அவர் முதலில் மணிக்கூட்டிடம்தான் கேட்பார்.

"எத்தனை மணிக்கு அங்க நிக்கவேணும்?"

"பதினொண்டேகாலுக்கு. லேட்டா வந்தால் அண்டைக்கு விளையாடேலாது. அது ரூல்."

"எட்டு நாப்பத்தாறுக்கு முகூர்த்தம் தொடங்குது. ஒன்பது, ஒன்பதேகாலுக்குத் தாலி ஏறும். பத்து மணிக்கு வெளிக்கிட்டாலும் பத்தே முக்காலுக்கு ஹோம்புஷ் ஸ்ரேடியத்தில நிப்பாய். போன் எடுத்து ஓம் எண்டு சொல்லு."

"றியலி?"

"சொல்லு பிள்ளை. பேந்து, உந்தக் கலியாணக் கதையை அவங்களுக்குச் சொல்லாதை. முதல் நாளே சாட்டுச் சொல்லுற ஆள் எண்டு நினைச்சிடுவாங்கள். ஒண்டும் கேக்காதை. சொன்ன நேரத்துக்குப் போய் நில்லு. அவ்வளவுதான்."

கௌசிகா தகப்பனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ரஞ்சினி, "எள்ளு! எள்ளு கொட்டுண்ணப் போகுது!" என்று கத்தினாள். கத்திவிட்டு, மாவோடு வந்து மகளின் கன்னம் இரண்டையும் பிடித்துக் கொஞ்சினாள். அதற்கு மகள் குனிய வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை வெயில் நாற்பத்தொரு பாகை. மேல்காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கதவு யன்னல் எல்லாம் சாத்தி, இருட்டுக்குள் இருந்து பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது குருக்களிடமிருந்து போன் வந்தது.

"விக்னராஜா, உங்கட கார்ட்டில எட்டு நாப்பத்தாறு எண்டு கிடக்கு. நான் இஞ்சத்தைப் பஞ்சாங்கத்தைப் பாத்தன். அந்த லக்கினம் ஒன்பது நாப்பத்தாறுக்கெல்லோ தொடங்குது? பத்து அம்பது வரைக்கும் நிக்குது. நேரம் ஆர் கணிச்சது?"

"ஊரில எங்கட சாத்திரியார்தான் ஐயா. அவர் பிழைவிடமாட்டாரே."

"எப்ப கணிச்சவர்?"

"ஆனி மாசம்."

சொன்ன வாய் மூடவில்லை. ஆனி மாதத்து இரவு அவருக்கு அப்படியே ஞாபகம் வந்தது. சாத்திரியார் ஊரிலிருந்து, "தம்பி, எங்களுக்கும் உங்களுக்கும் எத்தினை மணித்தியாலம் வித்தியாசம்?" என்று கேட்டார். "நாலரை ஐயா" என்று இவர் சொன்னார். ஆனியில் அது சரி. ஆனால் ஒக்ரோபரில் சிட்னிக்காரர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். தை மாதத்தில் வித்தியாசம் ஐந்தரை. ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய, தெரிந்த தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் போன் எடுத்து, "மணிக்கூடு மாத்தினியளோ?" என்று கேட்டுச் சனத்தின் நித்திரையைக் குழப்புகிறவரே இவர்தான்!

போனை வைத்துவிட்டு விக்னராஜா நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்னப்பா? நெஞ்சு நோகுதோ?" என்று ரஞ்சினி ஓடிவந்தாள்.

"நான் நேரத்தைப் பிழைவிட்டிட்டன் ரஞ்சி."

"எந்த நேரத்தை?"

சொன்னார்.  ரஞ்சினி சிரிக்கத் தொடங்கினாள். உருண்டை பிடித்த கையால் வாயைப் பொத்திச் சிரித்ததில் மூக்கெல்லாம் பயற்றம் மா.

"நீர் என்ன சிரிக்கிறீர்? முந்நூறு பேருக்குக் கார்ட் குடுத்தாச்சு!"

"அந்த முந்நூறு பேரும் எட்டு நாப்பத்தாறு எண்டு போட்டால் ஒன்பதரைக்குத்தானே வருவினம்? சனத்துக்கு ஒரு பிழையும் இல்லை. அவையள் சரியான நேரத்துக்கு வந்து நிப்பினம். பிள்ளையை யோசியுங்கோ."

அப்போதுதான் அவருக்கு முழுக்க உறைத்தது. ஒன்பது நாற்பத்தாறுக்கு முதல் தாலி கட்ட முடியாது. தமிழ்க் கலியாணத்தில் முகூர்த்தம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போதுதான் தாலியையே தேடுவார்கள். பத்து ஐம்பதுக்குத் தாலி ஏறினால் பதினொன்றேகாலுக்கு எப்படி ஹோம்புஷ்? கௌசிகா கொன்ராக்ற்றில் கையெழுத்து வைத்துவிட்டாள். அவளுக்கு என்று ஒரு சட்டை தைத்துப் பெயரும் போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பியும் விட்டார்கள்.

சம்பந்திக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவபாதசுந்தரம் மெல்பேர்னில் பாலங்கள் கட்டுகிற எஞ்சினியர், அளந்துதான் பேசுவார். விக்னராஜா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நேரம் ஒன்பது நாப்பத்தாறு எண்டால் ஒன்பது நாப்பத்தாறுதான் சம்பந்தி" என்றார் அவர். "அதில நான் ஒண்டும் சொல்லேலாது. பிள்ளைக்கு மட்ச் எண்டால், வேற ஒரு பிள்ளையைத் தோழியா விடுவமே? ஒண்டவிட்ட சகோதரம் ஆரும் இருக்குந்தானே."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரஞ்சினிக்கு வந்ததே கோபம்! சம்பந்தி என்றும் பார்க்கவில்லை.

"அண்ணை, என்ர வயித்தில பிறந்தவள் உயிரோட நிக்க, என்ர மருமோளின்ர பின்னலை இன்னொருத்தி வந்து பிடிக்கிறதோ? அது நடக்காது. அவள்தான் தோழி. அவள் மட்சுக்கும் போவாள். ரெண்டும் நடக்கும்."

"எப்பிடித் தங்கச்சி நடக்கும்?"

"எப்பிடியெண்டு இவர் சொல்லுவார்!" என்று போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

விக்னராஜா போனைப் பார்த்தார். வாசலில் கௌசிகா நின்றாள். கண் சிவந்திருந்தது. "நான் அவைக்குப் போன் பண்ணி விலகிறன் அப்பா. பிளீஸ். சண்டை பிடிக்காதேங்கோ."

"நீ பேசாம இரு பிள்ளை. சம்பந்தி, நான் ஒரு ரைம்ரேபிள் போட்டு அனுப்பிறன்" என்றார் விக்னராஜா.

மிச்சமிருந்த அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டார். பஸ் தரிப்பிடம் எழுதுவதுபோல ஒவ்வொரு சடங்குக்கும் நேரம் எழுதினார். பிள்ளையார் பூசை எட்டு ஐந்து, மாப்பிள்ளை மணவறை எட்டரை, கன்னிகாதானம் ஒன்பதே கால், கூறைத் தட்டம் சபைக்குப் போவது ஒன்பது முப்பது, கூறை மாற்றுவது ஒன்பது முப்பத்தாறு, தாலி ஒன்பது ஐம்பது. கூறை மாற்றுவதற்குப் பதினாலு நிமிஷம் போட்டிருந்ததைக் கண்டு ரஞ்சினி, "உங்களுக்குச் சேலையைப் பற்றி என்ன தெரியும்?" என்று தலையில் கைவைத்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சிறிதரக் குருக்களைப் பிடித்தார்.

"மந்திரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேக்கேல்லை ஐயா..."

"கேட்டாலும் குறைக்கமாட்டன். ஆனால் ஒண்டு. மந்திரத்துக்கு நடுவில நான் இங்கிலீசில விளக்கம் சொல்லுறதெல்லே? அதைக் குறைக்கலாம். உண்மையைச் சொன்னால் அதைத்தான் அரை மணித்தியாலம் சொல்லுறன்." குருக்கள் குரலைத் தணித்தார். "எனக்கும் பின்னேரம் இன்னொரு கலியாணம் இருக்கு. இப்பிடி ஒரு தகப்பனை நான் இருபது வருசமாத் தேடிக்கொண்டிருந்தனான்."

அடுத்தது வீடியோக்காரர் நரசிம்மன். கோயம்புத்தூர்க்காரர். கலியாணங்களைப் பிந்தவைப்பதில் சிட்னியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"சார், நான் தாலி கட்டுறத மூணு தடவை எடுப்பேன். ஒரு தடவை நிஜம். ரெண்டு தடவை ஆல்பத்துக்கு" என்றார் நரசிம்மன்.

"ஒருக்காத்தான்."

"சார், லைட் சரியா விழலேன்னா?"

"இருட்டில கட்டினாலும் கலியாணம் கலியாணந்தான் தம்பி. ஒருக்கா."

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்து மணிக்கே குவேக்கர்ஸ் ஹில் மண்டபத்தைத் திறந்து, காரை வெளியே றோட்டோரமாக விட்டுவிட்டு, வேட்டி சால்வையோடு கதிரை அடுக்கினார். சொந்த மகனின் கலியாணம், இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எட்டு மணிவரை எல்லாம் அச்சொட்டாக நடந்தது. எட்டரைக்கு வந்திருக்கவேண்டிய பொம்பிளை பகுதியைக் காணவில்லை. பரமற்றாவில் ஹோட்டலில் ஒரு லிப்ட் பழுதாம், மற்றதில் ஒரு நேரத்தில் நாலு சேலைதான் கொள்ளுமாம். வந்து இறங்கியபோது ஒன்பது ஐந்து. விக்னராஜாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேடையில் சஞ்சீவ் தலைப்பாவோடு இருந்து, தகப்பன் மண்டபத்துக்குள் ஓடித்திரிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

குருக்கள் சொன்ன சொல் காப்பாற்றினார். ஒரு விளக்கமும் இல்லை. முன்வரிசையிலிருந்த ஒரு அங்கிள், "ஐயா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டதற்கு, "நல்ல அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார். அப்படியிருந்தும், கூறையும் தாலியும் வைத்த தட்டம் சபைக்கு இறங்கும்போது மணி பத்து ஒன்று.

முந்நூறு பேர் தொட்டு ஆசீர்வதிக்கவேண்டிய தட்டம். வழமையாக அதை ஒரு பெரியவர் அசைந்து அசைந்து கொண்டுபோவார். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு சுகவிசாரிப்பு நடக்கும். விக்னராஜா தட்டத்தைத் தானே வாங்கிக்கொண்டார். "தொட்டாச்சோ? சரி. அங்கால. தொடுங்கோ அன்ரி. ஓமோம், பேந்து கதைப்பம். அங்கால, அங்கால." ஏழு நிமிஷத்தில் முந்நூறு கை. மூச்சு வாங்க மேடைக்கு ஏறியவரைச் சிவபாதசுந்தரம் ஏற இறங்கப் பார்த்தார். அவர் மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

தர்சினி கூறையை வாங்கிக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனாள். பின்னால் கௌசிகா. கதவு சாத்தியது. பத்து எட்டு.

சேலை உடுத்திவிடுகிற பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள்: நாற்பது நிமிஷம், ஒரு நிமிஷமும் குறைக்க முடியாது. விக்னராஜா கதவடியில் நின்றார். நாதஸ்வரக்காரர் வாசித்து முடித்துத் திரும்பத் தொடங்கினார். சமையல்காரர் வந்து, "அண்ணை, வடை ஆறுது" என்றார். ஆறட்டும் என்று கையைக் காட்டினார். பத்து பதினைந்து ஆனது. அவருக்கு அழுகை வந்தது. மகளின் மூன்று வருஷமும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தது. அதைத் தட்டும் உரிமைகூடத் தனக்கு இல்லையே என்றிருந்தது.

பத்து பத்தொன்பதுக்குக் கதவு திறந்தது.

அரக்குக் கூறையில் தர்சினி நின்றாள். தலையில் பூ ஒரு பக்கம்தான் குத்தியிருந்தது. மற்றப் பக்கப் பூ சேலை உடுத்திவிடுகிற பெண்ணின் கையில். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் வீட்டில் களவு போனவள் போலிருந்தாள்.

"மாமா, ஏன் அழுறியள்?" என்றாள் தர்சினி. "அம்புலன்சில பெல் அடிச்சால் தொண்ணூறு செக்கனில நாங்கள் றோட்டில நிக்கவேணும். பதினொரு நிமிசம் எண்டுறது எங்களுக்கு ஹொலிடே. கௌசிக்கு மட்ச் எண்டு புதன்கிழமையே எனக்குத் தெரியும். வாங்கோ, வாங்கோ!"

பத்து இருபத்துநாலு. கெட்டிமேளம். கௌசிகா பின்னலைத் தூக்கிப் பிடிக்க, சஞ்சீவ் தாலி கட்டினான். முடிச்சு அவனுக்குச் சட்டென்று விழவில்லை. கௌசிகா ஒரு கையால் பின்னலைப் பிடித்தபடி மற்றக் கையால் அண்ணனின் முதுகைத் தட்டினாள். பூவும் அரிசியும் பறந்தன. ரஞ்சினி விம்மி விம்மி அழுதாள். விக்னராஜாவும் அழுதார். இந்த அழுகை வேறு, இது சந்தோஷம்.

"சார், ஒரே ஒரு தடவை..." என்று நரசிம்மன் கமராவுக்குப் பின்னாலிருந்து தொடங்கினார்.

"இல்லை!" என்று மண்டபம் முழுக்கச் சொன்னது. தட்டம் ஓடியதிலிருந்தே சனத்துக்கு விஷயம் பரவிவிட்டது.

பெற்றோர் முதலில் மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தவேண்டும். போட்டார்கள். கௌசிகாவைக் கொண்டுபோகிறதாக இருந்த மச்சான்காரன் முகம் செத்துப்போய் உள்ளே ஓடிவந்தான். ஒன்பதரைக்கு வந்த சனம் கார் நிறுத்துமிடத்தில் காருக்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் இன்னொரு கார் என்று விட்டிருந்தது. அவன் கார் நடுவில். றோட்டில் நின்றது விக்னராஜாவின் கார் ஒன்றுதான்.

"இந்தா கார்த் திறப்பு, நீ ஓட்டு" என்று அவர் மடியைத் தடவினார்.

ரஞ்சினி அவர் கையைப் பிடித்தாள். "நீங்களே கொண்டுபோங்கோ."

"விசரே உமக்கு? மாப்பிள்ளையின்ர தகப்பன் நான். பந்தி வைக்கவேணும். சம்பந்தி பகுதி என்ன நினைக்கும்?"

"சம்பந்தி பகுதி வடை ஆறமுதல் சாப்பிடவேணும் எண்டு நினைக்குது" என்று பின்னாலிருந்து சிவபாதசுந்தரம் சொன்னார். பட்டுச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "பந்தியை நான் பாக்கிறன். உங்கட ரைம்ரேபிளில பந்திக்கு நேரம் போட்டிருக்கிறியள்தானே? போங்கோ சம்பந்தி, நிண்டு கதைச்சால் பிந்தப்போகுது."

கௌசிகா சேலைக்குள்ளே ரீமின் பெனியனும் கால்சட்டையும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். காரில் ஏறியதும் ஊசிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"அம்மா எத்தினை ஊசி குத்தியிருக்கிறா? முப்பத்தாறு எடுத்திட்டன், இன்னும் வருது!"

"சீற்றில போடாதை. குத்தும்."

"அப்பா, கெதியாப் போங்கோ."

"எண்பது றோட்டில எண்பதுதான். பஸ் லைசென்ஸ் பிள்ளை."

"அப்பா!"

"எண்பது."

பின்சீற்றில் பட்டுச் சேலை மலையாகக் குவிந்தது. அவள் சடையிலிருந்து மல்லிகையை இழுத்தாள், பாதி வந்தது, பாதி வரவில்லை. ஸ்ரேடியத்தில் கார் விட இடம் தேடிச் சுற்றினார்கள். விளையாட்டுக்காரர் வாசலுக்கு இருவரும் ஓடி வந்து நின்றபோது பதினொன்று இருபத்தொன்று. ஆறு நிமிஷம் பிந்திவிட்டது.

வாசலில் கோச் நின்றாள். நரைத்த தலை, கையில் ஒரு பலகை. கௌசிகா வாயைத் திறக்கமுதல் விக்னராஜா முன்னுக்குப் போனார். வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் யாரோ போட்ட மாலை.

"ஸொறி மேடம். மை மிஸ்ரேக். நொற் ஹேர்ஸ். ஒன்லி மைன்" என்றார். கை கூப்பினார். 

கோச் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கௌசிகாவின் தலையில் தொங்கிய பூவைப் பார்த்தாள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"வெடிங். மை சன்."

"எப்போது?"

"நவ், மேடம். ஸ்ரில் கோயிங்."

அவள் பலகையைக் கீழே வைத்தாள். கௌசிகாவிடம் திரும்பி, "சொந்த அண்ணனின் கலியாணமா? இன்றைக்கா?" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பன்னிரண்டரைக்கு வா என்று சொல்லியிருப்பேனே, அந்த ரூல் நித்திரை கொண்டுவிட்டுப் பிந்தி வருகிறவர்களுக்கு, கலியாணத்துக்குப் போகிறவர்களுக்கா என்றாள். போன மாதம் ஒருத்தி நாய்க்குச் சுகமில்லை என்று கேட்டுப் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள் என்றாள். பிறகு, உண்மையாகவே விளங்காமல், "வை டிட்ன்ட் யூ ஆஸ்க்?" என்று கேட்டாள்.

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்பா...!" என்றாள் கௌசிகா.

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவருக்கும் வந்தது. ஓடிய தட்டம், குருக்கள் விழுங்கிய விளக்கம், அரைப் பூவோடு தாலி கட்டிக்கொண்ட மருமகள், ஆறிய வடை எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தன. நாய்க்குச் சுகமில்லை என்று கேட்டிருக்கிறாள் ஒருத்தி! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் இருபத்தொரு வருஷத்துச் சனி ஞாயிறுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நெஞ்சு வலித்தது. ஆனால் சிரிப்பும் நிற்கவில்லை.

கௌசிகா உள்ளே ஓடினாள். அவர் ரஞ்சினிக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். 

"விசர் மனுசன்!" என்று ரஞ்சினி வெடித்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ர பிள்ளையின்ர கலியாணத்தில ஆறுதலா அழுதிருப்பன்! சரி, சரி. திரும்பி வராதேங்கோ. இருந்து பாத்திட்டு வாங்கோ. இஞ்ச பந்தி நல்லா நடக்குது. சம்பந்தி பாயாசம் அள்ளுறார். தன்ர சால்வையிலயும் ஊத்திப்போட்டார்."

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கோச் சொல்லிவிட்டதால் விக்னராஜாவுக்கு முன்பக்கத்தில் ஒரு கதிரை கிடைத்தது. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ரீமின் சட்டை போட்ட பெரிய உடம்புக்காரன் ஒருவன் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவருக்கும் நீட்டினான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காத மனுசன், ஒரு பிடி அள்ளினார்.

வாங்கிலின் கடைசியில் கௌசிகா இருந்தாள். முதல் கால்பகுதி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அவள் எழும்பிக் கை தட்டினாள், தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாள், இருந்தாள். மூன்றாவதும் முடிந்தது. ரீம் பதினாறு புள்ளி பின்னால். கடைசிப் பகுதியில் ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோச் வாங்கிலின் ஓரத்தைப் பார்த்து விரலைக் காட்டினாள்.

விக்னராஜா எழும்பிவிட்டார்.

அவள் நேராகப் போய் எதிரியின் மிகப் பெரிய ஆளோடு முட்டிக்கொண்டு நின்றாள். மூன்று வருஷப் பயிற்சியில் எத்தனையோ தடவை அந்த ஆளாக நடித்தவள். அந்தப் பெரியவள் எந்தப் பக்கம் திரும்புவாள், எப்போது பொய்க்கு அசைவாள் என்பதெல்லாம் கௌசிகாவுக்குப் பாடம். இரண்டு தடவை அவளுடைய வழியை மறித்துப் பந்தைப் பிடுங்கவைத்தாள். ஒரு தடவை இடிபட்டு விழுந்தாள். "எழும்பு பிள்ளை!" என்று கத்தினார். எழும்பினாள்.

தன் ரீமிடம் பந்து வந்தபோது மட்டும், வீட்டில் கறிச்சட்டி தன் பக்கம் வரட்டும் என்று கேட்காமல் காத்திருக்கிறவள் போல ஒதுங்கி நின்றாள். வளையத்துக்குக் கீழே அவளுக்கு முன்னால் ஒருவருமில்லை, ஆனால் பந்து மற்றப் பக்கம் போனது. அடுத்த முறையும் அப்படித்தான். "இஞ்ச, இஞ்ச, அவளிட்டக் குடுங்கோ!" என்று விக்னராஜா தமிழில் கெஞ்சினார். யாருக்குக் கேட்கும்?

ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. கௌசிகா வளையத்தடிக்கு ஓடினாள், முதுகால் அந்தப் பெரிய ஆளைத் தள்ளி நின்றாள். கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். அந்தக் கை எவ்வளவு உயரம் போனது!

"போல்!" என்று பந்தைக் கேட்டுக் கத்தினாள். "போல்! கிவ் மீ த போல்!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதேயில்லை. பிறந்த அன்றைக்குக்கூட அவள் அவ்வளவு சத்தமாக அழவில்லை. பந்து பிடித்திருந்த பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள், எறிந்தாள். கௌசிகா இரண்டு கையாலும் வாங்கினாள், திரும்பினாள், மேலே போனாள். பந்து பலகையில் பட்டு வலைக்குள் விழுந்தது.

ரீம் பதினொரு புள்ளியால் தோற்றது. அது விக்னராஜாவுக்குப் பிறகுதான் தெரியும். அவர் பக்கத்திலிருந்த பெரிய உடம்புக்காரனைக் கட்டிப்பிடித்து, அவன் சட்டையெல்லாம் சந்தனமாக்கி, அழுது சிரித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"பாத்தீரே? கேட்டு வாங்கினவள்! என்ர பிள்ளை வாய் திறந்து கேட்டு வாங்கினவள்!"